செருகியவுடன் திறப்பது யார்?

பென் டிரைவைச் செருகுகிறோம், ஒரு ஜன்னல் விரிகிறது. சிடியை உள்ளே தள்ளுகிறோம், பாட்டு ஓடத் தொடங்குகிறது. பார்ப்பதற்கு ஒரே வேலை மாதிரித் தெரிந்தாலும் இதில் நான்கு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஏதோ வந்திருக்கிறது என்று வன்பொருள் அறிகிறது. அதிலுள்ள ஃபைல் அமைப்பை இயங்குதளம் படித்து ஒரு டிரைவ் எழுத்து தருகிறது. உள்ளே இருப்பது பாட்டா, படமா, மென்பொருளா என்று தீர்மானிக்கிறது. கடைசியாகத்தான் எதையாவது திறக்கிறது. "ஆட்டோபிளேயை ஆஃப் செய்துவிட்டேன், இனி பயமில்லை" என்று சொல்பவர் நான்காவதை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறார். முதல் மூன்றும் வழக்கம்போல நடக்கும். அந்த மூன்றின் வழியாகவும் கணினிகள் பாழாகியிருக்கின்றன.

வந்ததை அறிவது

யுஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பிகள்: ஐந்து வோல்ட், கிரவுண்ட், தரவுக்காக டி பிளஸ், டி மைனஸ். எதுவும் செருகாதபோது கணினிப் பக்கத்திலுள்ள 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு தரவுக் கம்பிகளையும் கீழே இழுத்து வைத்திருக்கும். சாதனம் வந்ததும் தன்னிடமுள்ள 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரால் அவற்றில் ஒன்றை மேலே இழுக்கும். டி மைனஸ் உயர்ந்தால் விநாடிக்கு 1.5 மெகாபிட் சாதனம். பழைய மவுஸ், கீபோர்டு எல்லாம் இந்த வகை. டி பிளஸ் உயர்ந்தால் 12 மெகாபிட். 480 மெகாபிட் பென் டிரைவும் முதலில் 12 மெகாபிட் ஆளாகத்தான் வந்து நிற்கும், பிறகு பேசி வேகத்தை ஏற்றிக்கொள்ளும். கணினி குறைந்தது 100 மில்லி விநாடி பொறுத்து, தொடர்பு நிலையாகிவிட்டதை உறுதிசெய்து, ரீசெட் கொடுத்து, "நீ யார்?" என்று கேட்கும். சாதனம் தன் வகுப்பு எண்ணைச் சொல்லும். 8 என்றால் சேமிப்பு, 6 என்றால் கேமரா, 3 என்றால் கீபோர்டு அல்லது மவுஸ். சொன்னது உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை. சொன்னதை நம்பி அதற்குரிய டிரைவரை, அதாவது அதை இயக்கும் நிரலை, ஏற்றுவதுதான் யுஎஸ்பியின் இயல்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சிடி டிரைவின் கதை வேறு. பழைய டிரைவ்கள் தட்டு வந்ததைத் தாமாகச் சொல்வதில்லை. இயங்குதளம்தான் சில விநாடிகளுக்கு ஒருமுறை "தயாரா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "தட்டு மாறியிருக்கலாம்" என்ற பதில் ஒருநாள் வரும்போது அடுத்த வேலை தொடங்கும். விண்டோஸ் 95, 98 காலத்தில் டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவின் பண்புகளுக்குள் 'ஆட்டோ இன்செர்ட் நோட்டிஃபிகேஷன்' என்று ஒரு டிக் பெட்டி இருந்தது. சிடி எழுதும் மென்பொருள்கள் அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சும். காரணம் நேரடியானது. அன்றைய ரைட்டர்களில் பஃபர், அதாவது எழுதப்போகும் தரவைத் தேக்கிவைக்கும் நினைவகம், சின்னது. எழுதும் நடுவில் இந்தக் கேள்வி குறுக்கிட்டால் தரவு வரத்து ஒரு கணம் தடைப்படும், பஃபர் காலியாகும், தட்டு குப்பைக்குப் போகும். பஃபர் காலியானாலும் விட்ட இடத்தில் தொடர்ந்து எழுதும் நுட்பம் வந்த பிறகே இந்தத் தொல்லை ஓய்ந்தது. லினக்ஸில் இந்தக் கேட்கும் வேலையை நெடுநாள் ஒரு பின்னணி நிரல் செய்துவந்தது. 2011-இல் வந்த 2.6.38 கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) அது கெர்னலுக்குள்ளேயே போனது.

உள்ளே இருப்பதைத் தீர்மானிப்பது

இந்தக் கட்டத்தில் கணினி பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வீட்டுக்குள் இருப்பது இன்னார் என்று சொல்வதோடு சரி. வேர் மட்டத்தில் 'வீடியோ_டிஎஸ்' என்று ஃபோல்டர் இருந்தால் டிவிடி படம். 'பிடிஎம்வி' இருந்தால் புளூ-ரே. 'எம்பெக்ஏவி' இருந்தால் விசிடி. 'டிசிஐஎம்' இருந்தால் கேமரா கார்டு. எதுவும் இல்லையென்றால் ஃபைல்களின் பின்னொட்டைப் பார்க்கும்; ஜேபெக் நிறைய இருந்தால் படங்கள், எம்பி3 இருந்தால் இசை, எல்லாம் கலந்திருந்தால் 'மிக்ஸ்டு கன்டென்ட்'.

டிசிஐஎம் என்ற பெயர் 1998-இல் ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள் வகுத்த டிசிஎஃப் தரத்திலிருந்து வருகிறது. அதன் உள்ளே மூன்று இலக்க எண்ணும் ஐந்து எழுத்தும் கொண்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட படங்கள். எந்தக் கேமராவின் கார்டையும் எந்தக் கணினியும் புரிந்துகொள்ள இது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. போனிலிருந்து டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு நகலெடுத்து வைத்தால், அந்தப் பென் டிரைவைச் செருகும்போதெல்லாம் "படங்களை இறக்குமதி செய்யவா?" என்ற கேள்வி வரும். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் கேள்வி நின்றுவிடும். அமைப்புகளில் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆடியோ சிடி இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. அதில் ஃபைலே கிடையாது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற ஓர் அட்டவணை, அதன் பின்னே விநாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலி. எக்ஸ்புளோரரில் தெரியும் 'ட்ராக்01.சிடிஏ' வகையறா எல்லாம் விண்டோஸ் நம் கண்ணுக்காக உருவாக்கிக் காட்டும் 44 பைட் சுட்டிகள். அவற்றைப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, காரில் பாடவில்லை என்று குழம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாட்டை எடுக்க 'ரிப்' செய்யும் மென்பொருள் வேண்டும்.

விசிடியும் தனி வகை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அலமாரிகளில் இன்னும் கல்யாண விசிடிகள் தூங்குவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்லலாம். விசிடியில் படம் பதிந்துள்ள பகுதிகளில், சாதாரண தரவுச் சிடியில் இருக்கும் பிழை திருத்தும் கூடுதல் அடுக்கு கிடையாது. அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் 74 நிமிடத் தட்டில் 74 நிமிடப் படம் அடங்கியது, இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தது. கீறல் விழுந்தால் பிளேயர் அந்த இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறவிட்டு மேலே போய்விடும். அதே தட்டிலுள்ள .டாட் ஃபைலை நகலெடுக்கப் போனால் விண்டோஸ் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' பிழை காட்டி மொத்தத்தையும் கைவிட்டுவிடும். ஓடுகிற தட்டு ஏன் நகலாகவில்லை என்ற பழைய புதிருக்கு விடை இதுதான். படிக்க முடியாத செக்டர்களைத் தாண்டிப் படிக்கும் மீட்பு மென்பொருளால் எடுத்தால் சில விநாடிகள் போகும், மற்றதெல்லாம் கிடைக்கும். வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதும் வீணில்லை. ஒரு லென்ஸ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு.

ஆட்டோரன் என்ற பழைய ஏற்பாடு

இதுவரை சொன்னது ஆட்டோபிளேயின் உலகம். உள்ளே இருப்பதை ஊகித்து, நம் கணினியில் ஏற்கெனவே உள்ள ஒரு மென்பொருளிடம் ஒப்படைப்பது அதன் வேலை. விண்டோஸ் எக்ஸ்பியில், 2001-இல், அது முழு உருவம் பெற்றது. ஆட்டோரன் அதற்கு முந்தையது, விண்டோஸ் 95-உடன் வந்தது. எதைத் திறப்பது என்று அதில் தீர்மானிப்பது தட்டு. வேரில் 'ஆட்டோரன்.இன்ஃப்' என்ற சிறு எழுத்து ஃபைல்; அதில் 'ஓபன்=' என்ற வரியில் ஒரு நிரலின் பெயர், 'ஐகான்=' வரியில் படம், 'லேபிள்=' வரியில் காட்ட வேண்டிய பெயர். தட்டு உள்ளே போனதும் விண்டோஸ் இதைப் படித்து, சொன்ன நிரலை ஓட்டும்.

அன்றைக்கு இதில் யாரும் அபத்தம் பார்க்கவில்லை. சிடி என்பது தொழிற்சாலையில் அச்சாகி வருவது, வாங்கியவர் எழுத முடியாதது. டாஸ் பழகியவருக்கும் பழகாதவருக்கும் மென்பொருள் நிறுவுவதை எளிதாக்குவது நல்ல நோக்கம்தான். மேக்கிலும் இதுபோன்ற வசதி குயிக்டைம் வழியாக இருந்தது. 1998-இல் ஹாங்காங்கில் முதலில் தென்பட்ட 'ஆட்டோஸ்டார்ட் 9805' என்ற புழு (தானாகவே பரவும் தீய நிரல்) அதைப் பிடித்துக்கொண்டு பவர்பிசி மேக்குகளில் பரவியது. விண்டோஸ்காரர்கள் அப்போதே பாடம் படித்திருக்கலாம்.

தட்டு அச்சடிப்பவரை நம்பலாம் என்ற எண்ணத்தை உடைத்தது இசை நிறுவனங்கள். 2003-இல் சன்காம் என்ற நிறுவனத்தின் நகல் தடுப்பு முறையோடு பிஎம்ஜி இசை நிறுவனம் ஓர் ஆடியோ சிடியை வெளிக்கொணர்ந்தது. ஒலிக்குப் பின்னால் ஒரு தரவுப் பகுதி, அதில் ஆட்டோரன், அது நிறுவும் டிரைவர்தான் நகலெடுப்பதைத் தடுக்கும். தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஆட்டோரன் நிற்கும், தடுப்பும் போச்சு என்று பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதிக் காட்டினார். வழக்குப் போடுவோம் என்று அறிவித்த சன்காம் உடனேயே பின்வாங்கியது. ஷிஃப்ட் விசைக்கு எதிராக வழக்கு என்றால் நீதிபதியும் சிரித்திருப்பார். 2005-இல் சோனி பிஎம்ஜி இன்னும் ஒரு படி போனது. அதன் ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத் தட்டுகளில் இருந்த எக்ஸ்சிபி மென்பொருள், '$சிஸ்$' என்று தொடங்கும் எதையும் விண்டோஸிடமிருந்தே மறைத்துவைக்கும் ரூட்கிட். விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நவம்பரில் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் மற்ற வைரஸ்காரர்கள் தங்கள் ஃபைல்களுக்கும் அதே முன்னொட்டை வைத்து ஒளியத் தொடங்கியிருந்தார்கள்.

பென் டிரைவ் வந்தபோது

சிடிக்காகச் செய்த ஏற்பாட்டை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பென் டிரைவுக்கும் நீட்டியதுதான் பெரிய தவறு. எந்த வகை டிரைவில் ஆட்டோரன் கூடாது என்பதை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'நோ டிரைவ் டைப் ஆட்டோரன்' என்ற ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. வகை தெரியாதது 1, பென் டிரைவ் போன்றவை 4, ஹார்டு டிஸ்க் 8, நெட்வொர்க் 16, சிடி 32, ராம் டிஸ்க் 64, இன்னும் வகுக்கப்படாத வகை 128. தடுக்க வேண்டியவற்றைக் கூட்டி எழுத வேண்டும். விண்டோஸ் 2000-இல் இயல்பு மதிப்பு 149, அதாவது 128+16+4+1. எக்ஸ்பியில் 145. கூட்டலில் காணாமல் போனது 4. ஒரே இலக்கம், அதன் விலை அடுத்த பத்தாண்டு.

எக்ஸ்பியில் பென் டிரைவுக்குள் இருந்த நிரல் செருகிய நொடியில் ஓசையின்றி ஓடிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுச் சரியில்லை. பென் டிரைவுக்கு ஆட்டோபிளே பட்டியல் திறக்கும், ஆட்டோரன்.இன்ஃப் சொன்ன நிரல் அதில் ஒரு வரியாகச் சேரும். அல்லது 'மை கம்ப்யூட்டரில்' டிரைவை இரட்டைக் கிளிக் செய்யும்போது, ஃபோல்டர் திறப்பதற்குப் பதில் அந்த நிரல் ஓடும். மனிதக் கை ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கையை ஏமாற்றுவதில்தான் புழு எழுதியவர்கள் திறமை காட்டினார்கள். 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் புழுவின் இரண்டாம் வடிவம் இதில் உச்சம். பட்டியலில் தன் வரிக்கு 'ஓபன் ஃபோல்டர் டு வியூ ஃபைல்ஸ்' என்று பெயர் வைத்து, விண்டோஸின் சொந்த ஃபோல்டர் ஐகானையே எடுத்து ஒட்டிக்கொண்டது. பட்டியலில் அப்போது ஒரே மாதிரி இரண்டு வரிகள்: மேலே போலி, கீழே அசல். மேல் வரியின் தலைப்பில் 'இன்ஸ்டால் ஆர் ரன் புரோகிராம்' என்றும், அடியில் வெளியீட்டாளர் பெயர் இல்லை என்றும் சிற்றெழுத்தில் இருக்கும். அதை யார் படித்தார்கள்? ஆட்டோரன்.இன்ஃபைத் திறந்து பார்த்தால் புரியாதபடி நடுவே குப்பை எழுத்துகளையும் கொட்டி வைத்திருந்தது.

தடுக்க நினைத்தவர்களுக்கும் சோதனைதான். ரெஜிஸ்ட்ரியில் 255 என்று எழுதி எல்லாவற்றையும் அடைத்தாலும் இரட்டைக் கிளிக்கில் நிரல் ஓடிக்கொண்டிருந்தது, ஏனெனில் விண்டோஸ் அந்த எண்ணைச் சரியாக மதிக்கவில்லை. ஒருமுறை செருகிய டிரைவின் ஆட்டோரன் விவரத்தை 'மவுண்ட் பாயிண்ட்ஸ்2' என்ற இன்னொரு ரெஜிஸ்ட்ரி இடத்தில் சேமித்தும் வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி வேலைக்கு ஆகாது என்று 2009 ஜனவரியில் அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழுவே எச்சரிக்கை வெளியிட்டது. பிப்ரவரியில் திருத்தம் வந்தது. அதற்கு முன் கைதேர்ந்தவர்கள் பயன்படுத்திய தந்திரம் ஒன்று உண்டு: ஆட்டோரன்.இன்ஃப் என்ற ஃபைலைப் படிக்கச் சொன்னால், இல்லாத ஒரு ரெஜிஸ்ட்ரி இடத்தைப் படிக்கும்படி விண்டோஸைத் திருப்பிவிடுவது. பார்த்ததில் நேர்த்தியான வழி அதுதான்.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பரவிய கை வைத்தியம் வேறு. பென் டிரைவில் 'ஆட்டோரன்.இன்ஃப்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைப்பார்கள். ஒரே பெயரில் ஃபோல்டரும் ஃபைலும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதால் புழுவால் தன் ஃபைலை எழுத முடியாது. சில மாதங்கள் பலித்தது. பிறகு வந்த புழுக்கள் ஃபோல்டரைப் பெயர் மாற்றிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன. அதற்கு எதிராக, 'கான்', 'எல்பிடி1' என்று விண்டோஸ் தனக்கென ஒதுக்கிய பெயர்களில் உள்ளே இன்னொரு ஃபோல்டரை வைத்து அழிக்க முடியாமல் செய்தார்கள். பாண்டா யுஎஸ்பி வாக்சின் இதையே ஃபேட்32 என்ற ஃபைல் அமைப்பின் மட்டத்தில் செய்தது.

2009-இல் வந்த விண்டோஸ் 7-தான் கதவை அடைத்தது: சிடி, டிவிடி அல்லாத எதிலும் ஆட்டோரன்.இன்ஃபின் 'ஓபன்' வரி செல்லாது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கு அதே மாற்றம் 2011 பிப்ரவரி 8 அன்று விண்டோஸ் அப்டேட் வழியே போனது. ஆட்டோரனை நம்பிய புழுக்களின் தொற்று, 2010-ஓடு ஒப்பிட்டால் மே மாதத்துக்குள் எக்ஸ்பியில் 59 சதவீதமும் விஸ்டாவில் 74 சதவீதமும் குறைந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. ஒரு வசதியை எடுத்ததற்கு இத்தனை பலன் கிடைத்தது அரிது. 'ஐகான்', 'லேபிள்' வரிகள் இன்றும் பென் டிரைவில் செல்லும். அதனால் ஆட்டோரன்.இன்ஃப் இருப்பதாலேயே பென் டிரைவில் வைரஸ் என்று பதற வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள், 'ஐகான்' வரி மட்டும் இருந்தால் பாதகமில்லை.

சிடிக்கு விட்ட விலக்கு தனிக் கூத்து. பென் டிரைவே தன்னைச் சிடி என்று சொல்லிக்கொண்டால்? 2005-இல் வந்த யு3 பென் டிரைவ்கள் அப்படித்தான் செய்தன: ஒரு பகுதி எழுத முடியாத போலிச் சிடி, மறு பகுதி சாதாரண பென் டிரைவ். செருகி இணையம் பெறும் 3ஜி டாங்கிள்களும் இதே வழிதான். செருகியதும் சிடி டிரைவாக வந்து, தன் டிரைவரையும் இணைப்பு மென்பொருளையும் நிறுவவைத்து, பிறகு மோடமாக உருமாறும். லினக்ஸில் செருகினால் கடைசிவரை சிடியாகவே உட்கார்ந்திருக்கும். 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு கருவி அதற்கு அடையாளம் மாறும் கட்டளையை அனுப்பும். பல டாங்கிள்களுக்கு அது வெறும் 'சிடியை வெளியே தள்ளு' என்ற கட்டளைதான். பழைய டாங்கிள் ஒன்று லினக்ஸ் கணினியில் மோடமாகத் தெரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

திறக்காமலே

ஆட்டோரன் போன பிறகும் செருகுவது ஆபத்தாகவே இருந்தது. 2010 ஜூனில் பெலாரஸின் ஒரு சிறு ஆன்டிவைரஸ் நிறுவனம் கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட் புழு, ஷார்ட்கட் ஃபைல்களின் ஐகானை விண்டோஸ் வரையும் முறையிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும், ஐகான் வரையும்போதே நிரல் ஓடிவிடும். ஆகஸ்ட் 2-இல் அவசரத் திருத்தம் வந்தது. லினக்ஸ் தப்பியது என்று சொல்வதற்கில்லை. 2018 பிப்ரவரியில் கேடிஇ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வெளிப்பட்ட ஓட்டையில் ஃபைல்கூடத் தேவைப்படவில்லை. பென் டிரைவின் பெயரையே ஒரு கட்டளையாக எழுதிவைத்து, அறிவிப்புப் பட்டையிலிருந்து அதை மவுண்ட் செய்தால் (பயன்பாட்டுக்கு இணைத்தால்), அந்தப் பெயர் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில் ஓடியது.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. பென் டிரைவ் தோற்றத்திலுள்ள ஒரு சாதனம் 3 என்று, அதாவது கீபோர்டு என்று, சொல்லிக்கொண்டால் கணினி நம்பும். அது மனிதரைவிட வேகமாகத் தட்டச்சு செய்து நிரலை இறக்கி ஓட்டும். சாதாரணப் பென் டிரைவின் கட்டுப்பாட்டுச் சிப்பையே இப்படி மாற்றி எழுதலாம் என்று 2014-இல் 'பேட்யுஎஸ்பி' என்ற பெயரில் காட்டினார்கள். ஆட்டோபிளே அமைப்பு எதுவாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. ஆப்பிள் சிப் கொண்ட லேப்டாப்களில் 2022-இன் மேக்ஓஎஸ் வென்ச்சுரா முதல், புதிய யுஎஸ்பி சாதனத்தை அனுமதிக்கவா என்று மேக் கேட்பது இதற்கு உருப்படியான ஒரு பதில்.

இன்றைய அமைப்புகள்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட்டோபிளே. அங்கே ரிமூவபிள் டிரைவ், மெமரி கார்டு இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு. வீட்டுக் கணினியில் பென் டிரைவுக்கு 'டேக் நோ ஆக்ஷன்', கார்டுக்கு 'ஓபன் ஃபோல்டர்' வைப்பதே என் பரிந்துரை. 'ஆஸ்க் மீ எவ்ரி டைம்' பாதுகாப்பானது என்று தோன்றும். தினம் கேட்கும் கேள்விக்கு விரல் படிக்காமலே பதில் சொல்லப் பழகிவிடும். சிடி, டிவிடி, விசிடி வகைகளுக்கான முழுப் பட்டியல் பழைய கண்ட்ரோல் பேனலின் ஆட்டோபிளே பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எப்போதோ தவறாகத் தேர்ந்தெடுத்தது ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா? அந்தப் பக்கத்தின் அடியில் 'ரீசெட் ஆல் டிஃபால்ட்ஸ்' பொத்தான் உண்டு.

மேக்கில் போனைச் செருகும்போதெல்லாம் ஃபோட்டோஸ் குதித்து வந்தால், இமேஜ் கேப்சரைத் திறந்து, இடப்பக்கம் போனைத் தேர்ந்தெடுத்து, கீழே மூலையில் 'கனெக்டிங் திஸ் ஐபோன் ஓபன்ஸ்' என்பதற்கு 'நோ அப்ளிகேஷன்' கொடுங்கள். அந்தத் தேர்வு அந்த ஒரு போனுக்கு மட்டும் பொருந்தும். லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸில் 'ரிமூவபிள் மீடியா' என்று தேடினால் ஒவ்வொரு வகைக்கும் தேர்வுகளும், எதையும் கேட்காதே, ஓட்டாதே என்ற பெட்டியும் கிடைக்கும்.

திறக்க வேண்டியது திறக்கவில்லை என்றால், நான்கு கட்டங்களில் எது நின்றது என்று பார்ப்பதே குறுக்கு வழி. செருகும்போது 'டிங்' ஒலியே வரவில்லை: போர்ட், கேபிள், அல்லது சாதனம். ஒலி வந்தும் டிரைவ் எழுத்து இல்லை: டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் டிரைவ் அதே எழுத்தைப் பிடித்துவைத்திருக்கலாம். அல்லது அது மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மட் செய்ததாக இருக்கலாம். பின்னதில் விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அது எந்தக் கணினியில் எழுதப்பட்டதோ அங்கே கொண்டுபோங்கள். லினக்ஸ் நிறுவும் பென் டிரைவிலும் இந்தக் கேள்வி வருவதுண்டு. எழுத்து இருந்தும் ஜன்னல் வரவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் 'ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன்' ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்புகளை மௌனமாக்கியிருந்தால் கேள்வி கண்ணில் படாது. முன்னால் இருக்கும் மென்பொருளுக்கு ஆட்டோபிளேயை மறுக்கும் உரிமையும் உண்டு. இரண்டாவது தட்டைப் போடச் சொல்லும் நிறுவி, அந்தத் தட்டின் ஆட்டோபிளே குறுக்கே வராதபடி தடுப்பது இப்படித்தான்.

"டிரைவில் பிரச்சினை, ஸ்கேன் செய்யவும்" என்ற செய்தி பெரும்பாலும் வைரஸ் அல்ல. எழுதும்போது பிடுங்கியதால் ஃபைல் அமைப்பில் ஒரு குறி நின்றுபோயிருக்கும். முதலில் முக்கியமானதை நகலெடுத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், முறை அதுதான்.

போன் திறக்காததற்குத் தனிக் காரணங்கள். பழைய ஆண்ட்ராய்டு தன் கார்டைக் கணினியிடம் முழுதாக ஒப்படைத்தது. ஒரே ஃபைல் அமைப்பில் இருவர் எழுதினால் சிதைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் போனால் அதைத் தொட முடியாது. எம்டிபி முறைக்கு மாறியபின் கணினி கேட்பதைப் போன் எடுத்துத் தருகிறது. அதனால்தான் டிரைவ் எழுத்து கிடைப்பதில்லை. 2015-இன் ஆண்ட்ராய்டு 6 முதல், செருகினால் இயல்பாகச் சார்ஜ் மட்டும் ஏறும். திரையைத் திறந்து, அறிவிப்பை இழுத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்வு செய்தால்தான் கணினிக்குப் படங்கள் தெரியும். ஐபோனில் திரையைத் திறந்து 'டிரஸ்ட்' அழுத்த வேண்டும். இவை எல்லாம் செய்தும் அசைவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்: மலிவான பல கேபிள்களில் தரவுக் கம்பி இரண்டும் இருக்காது.

கடைசியாக, இன்றும் ஜெராக்ஸ் கடைகளிலிருந்து வீட்டுக்கு வரும் ஷார்ட்கட் வைரஸ். பென் டிரைவைத் திறந்தால் உள்ளே அதே பென் டிரைவின் பெயரில் ஒரே ஒரு ஷார்ட்கட், வேறு எதுவும் இல்லை. ஆட்டோரன் போன பிறகு புழுக்கள் கண்ட மாற்று இது. அதைக் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், உங்கள் ஃபைல்களும் திறக்கும், அதனால் சந்தேகம் வராது. ஃபைல்கள் அழிந்துவிடவில்லை. ஷார்ட்கட்டைத் தொடாமல், எக்ஸ்புளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, 'ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுத்தால் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து. உள்ளே எல்லாம் இருக்கும். உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கணினிக்கு நகலெடுங்கள், பின்னொட்டுகளைக் காட்டவைத்து, .எக்ஸி, .விபிஎஸ் என்று முடிவதையும் ஷார்ட்கட்களையும் விட்டுவிடுங்கள். பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். அதைச் செருகிய கணினிகளையும் ஸ்கேன் செய்ய வேண்டும். அவற்றில் ஒன்று தப்பினாலும் அங்கே அடுத்த முறை செருகும்போது ஷார்ட்கட் மறுபடி ஏறிக்கொள்ளும்.